மந்திரவாதி ஊருக்குள் வந்தால்: ரோல்பிளே ஆட்டத்தில் சாதாரண ஜனங்களை நடத்துவது எப்படி

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் ரோல்பிளே ஆட்டத்தில் ஒரு மந்திரவாதி சந்தைத் தெருவில் நின்று கையை அசைத்து இரண்டு சொல் முணுமுணுத்தால், பெரும்பாலான மேசைகளில் (ஆடும் குழுக்களில்) இரண்டில் ஒன்று நடக்கும். ஊரே அலறிக்கொண்டு ஓடும். இல்லாவிட்டால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் முட்டைக்கோஸ் விற்றுக்கொண்டிருப்பார்கள். முதலாவது நடந்தால் மந்திரவாதி ஆடும் பிளேயருக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு தண்டனை. இரண்டாவது நடந்தால் மந்திரம் வெறும் டைஸ் உருட்டலாகச் சுருங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஊரை ஊராக நடத்துவதற்கு, கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர் என்னென்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு. வேறு ஆட்டத்தின் பெயர் சொல்லாத இடங்களில் விதி எண்கள் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளிலிருந்து எடுத்தவை. 2024 திருத்தத்தில் சில மந்திரங்களின் வாசகம் மாறியிருக்கிறது. புதிய நூலை வைத்து ஆடுகிறவர்கள் அந்தந்த மந்திரத்தின் பத்தியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பயம் எதனால் வருகிறது

விதிநூலில் சாதாரணக் குடிமகனுக்கு 4 ஹிட் பாயிண்ட் (தாங்கக்கூடிய சேதம்), ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு எண்) 10, எல்லாத் திறனும் 10. நெருப்பு எறியும் மந்திரமான ஃபயர் போல்ட்டின் சேதம் 1டி10, அதாவது பத்து முக டைஸ் ஒன்றில் விழும் எண். பட்டால் பத்துக்கு ஏழு வாய்ப்பில் ஆள் காலி. ஆனால் பலம் 16 உள்ள வீரன் நீள்வாளை வீசினால் சேதம் 1டி8 கூட்டல் 3, குறைந்தபட்சமே 4. பட்டால் பிழைக்க வழியே இல்லை. ஆக, எதிரே நிற்கும் குடியானவனுக்கு முதல் லெவல் மந்திரவாதியைவிட முதல் லெவல் வாள்வீரன்தான் ஆபத்தானவன்.

அப்படியிருந்தும் வாளைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் ஜனங்கள் மந்திரக்கோலைக் கண்டால் கதவையே சாத்துகிறார்கள். வாள் இடுப்பில் தெரிகிறது. ஊர் வாசலில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்; உறையோடு சேர்த்துக் கயிறு கட்டச் சொல்லலாம். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகின் கோர்மீர் நாட்டில் அப்படித்தான் கட்டச் சொல்கிறார்கள். வெட்டினால் காயமே சாட்சி. மந்திரத்தை வாசலில் ஒப்படைக்க முடியாது. மனதை மயக்கும் சார்ம் பர்சன் மந்திரம் போட்டதற்குத் தழும்பு கிடையாது. செய்தவரை யாரிடம் பிடித்துக் கொடுப்பது என்பதும் தெரியாது. தீங்கு நடந்தால் எங்கே போய் முறையிடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததுதான் ஜனங்களின் பயத்துக்கு வேர். மந்திரத்தின் பலம் அதற்கு அப்புறம்தான்.

கூடவே, நடப்பது என்னவென்று புரியாத பயமும் உண்டு. 2017-ல் வந்த துணை விதிநூலின்படி, ஒருவர் போடுகிற மந்திரம் இன்னதென்று கண்டுபிடிக்க ஆர்க்கானா (மந்திர அறிவு) சோதனை தேவை. இருபது முக டைஸ் உருட்டித் தொட வேண்டிய இலக்கு 15 கூட்டல் மந்திரத்தின் லெவல். முதல் லெவல் மந்திரத்துக்கு 16. அறிவு 10, பயிற்சி இல்லை என்றால் நாலில் ஒரு முறைதான் தேறும். ஏர் ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு முறைகூடக் கொடுக்க வேண்டாம் என்பது நம் கருத்து. அவர் கண்ணுக்கு ஆசி தரும் பிளெஸ்ஸும் சாபமிடும் பேனும் ஒரே முணுமுணுப்புதான்.

ஊருக்கு அரைப் பக்கம்

கட்சி (பிளேயர்களின் கதாபாத்திரக் குழு) ஓர் ஊருக்குள் நுழையும் முன் நாலு விஷயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் போனால் ஆட்டத்தின் நடுவே அதைத் திருப்பிப் பார்க்க மாட்டீர்கள்.

மந்திரம் எவ்வளவு அரிது என்பது முதலில். உங்கள் உலகத்தில் ஆயிரம் பேருக்கு ஒருவர் மந்திரம் அறிந்தவர் என்று வைத்தால், 300 பேர் வாழும் கிராமத்தில் மந்திரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் டவுனுக்குப் போய் வந்தவர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு எல்லாமே கேள்விப்பட்டது. கேள்விப்பட்டவர்கள் அதிகம் இருக்கும் ஊரில் தவறான நம்பிக்கைகளும் அதிகம் இருக்க வேண்டும். மந்திரவாதிக்குப் பெயரைச் சொல்லக் கூடாது, அவர் குடித்த குவளையை உடைத்துவிட வேண்டும் என்பது மாதிரி இரண்டு போதும். ஒன்று பாதியாவது உண்மையாக இருக்கட்டும். இன்னொன்று முழுப் பொய்யாக இருக்கட்டும்.

அடுத்தது, இங்கே கடைசியாக மந்திரம் செய்தவர் யார், அப்புறம் என்ன ஆயிற்று. பெரிய அழிவு எதுவும் வேண்டாம். பதினைந்து வருடத்துக்கு முன் வழிப்போக்கர் ஒருவர் கிணற்று நீரைச் சுத்தம் செய்து கொடுத்தார். அந்த வருடமே மாடுகள் செத்தன. இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஊர் தொடர்புபடுத்திவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது, புகார் எங்கே போகும். ஊரின் குணத்தை அதிகம் மாற்றுவது இதுதான். வார்ஹாமர் உலகின் எம்பயரில் ஆல்ட்டார்ஃப் நகரத்து எட்டுக் கல்லூரிகளில் பயின்று அனுமதி பெற்றவர்தான் மந்திரம் செய்யலாம். மற்றவர்களுக்குச் சூனிய வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே அங்கே கிராமத்தார் முதலில் கேட்பது முத்திரையைத்தான். படிக்கத் தெரியாதவருக்கும் மெழுகு முத்திரை தெரியும். எபெரான் உலகில் தெருவிளக்கே மந்திரத்தில் எரிகிறது. மேஜ்ரைட் என்னும் கைத்தொழில் மந்திரக்காரர்கள் தச்சர், கொல்லர் போலக் கடை வைத்திருக்கிறார்கள். அங்கே பயம் செல்லுபடியாகாது, பேரம்தான். டார்க் சன் ஆட்டத்தின் ஆதாஸ் உலகில் மந்திரம் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சிச் சாம்பலாக்கும். உயிரை உறிஞ்சாமல் கவனமாகச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் பாலைவனத்தில் பட்டினி கிடக்கும் ஜனங்களிடம் போய் நான் அந்த ரகம் இல்லை என்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் நல்லவர்களும் ஒளிந்தே வாழ்கிறார்கள்.

ஆர்ஸ் மேஜிக்கா இன்னொரு கோணம். 1220-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் நடக்கும் அந்த ஆட்டத்தில், மந்திரத் திறன் இருப்பதே பக்கத்தில் இருப்பவரை உறுத்தும். அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஜனங்களோடு பழகும் சோதனைகளில் 3 குறையும். அந்தத் திறன் அப்பட்டமாகத் தெரிகிறவருக்கு 6 குறையும். மென்மையாக அமைந்தவருக்குக் குறைப்பே இல்லை. கேரக்டர் உருவாக்கும்போதே பிளேயருக்கு இது தெரியும் என்பதால் பிறகு வாக்குவாதம் வருவதில்லை. உங்கள் வீட்டு விதியையும் அப்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, மந்திரத்தால் இந்த ஊரில் யார் பிழைப்பு கெடும், யாருக்கு லாபம். ஒவ்வொன்றுக்கும் ஒருவரைக் குறித்தால் போதும்.

பூசாரி வகையினரைப் பற்றி ஒரு வார்த்தை. கிளெரிக் போடுவதும் மந்திரம்தான். ஆனால் அவர் கழுத்தில் தொங்கும் புனிதச் சின்னத்துக்குப் பின்னால் ஒரு கோயில் இருக்கிறது. தப்பு நடந்தால் போய்க் கேட்க இடம் உண்டு. அதனால்தான் அதே ஊர், படித்து மந்திரம் கற்ற விஸார்டைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திவிட்டு கிளெரிக்கை உள்ளே கூப்பிடுகிறது. மாய சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்ற வார்லாக் ஒருவர் பொய்ச் சின்னம் மாட்டிக்கொண்டு வந்தால் முதலில் மரியாதை கிடைக்கும். அகப்பட்டால் அவமானம் கோயிலுக்கும் சேர்த்து என்பதால் பகை இரட்டிப்பாகும்.

மந்திரம் நடக்கும் அந்த நொடி

கூட்டத்தை வர்ணிக்காதீர்கள். ‘எல்லோரும் திகைத்தார்கள்’ என்பது யாரையும் காட்டாத வாக்கியம். ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள், அவர் கையில் இருக்கும் பொருளைச் சொல்லுங்கள், பிறகு அவர் எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்று சொல்லுங்கள். ரொட்டிக்காரி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் குழந்தைக்கும் மந்திரவாதிக்கும் நடுவில் வந்து நிற்கிறாள். இவ்வளவு போதும். மேசைக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

தமிழில் ஆடுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு கருவி கைவசம் இருக்கிறது: விளிப்பு. காவல்காரன் அதுவரை ‘என்னப்பா, எங்கேருந்து வர்றே?’ என்று பேசிக்கொண்டிருந்தவன், மந்திரம் நடந்ததும் ‘ஐயா, நீங்க உள்ளே போகலாம்’ என்கிறான். குரலில் பயத்தை நடித்துக் காட்ட வேண்டியதே இல்லை. இன்னும் ஒரு படி போக வேண்டுமானால் அவன் மந்திரவாதியிடம் பேசவே மாட்டான். பக்கத்தில் நிற்கும் வாள்வீரனைப் பார்த்து, ‘அவங்களை இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லுங்க’ என்பான்.

விதிப்படி நடத்த, என்பிசியின் (கேம் மாஸ்டர் ஆடும் பாத்திரத்தின்) மனநிலையை நட்பு, நடுநிலை, பகை என்று மூன்றாகப் பிரிக்கும் முறையே போதும். நடுநிலையில் இருப்பவர் தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத உதவியைச் செய்ய இலக்கு 10. சிறிய ஆபத்தை ஏற்க 20. பகையில் இருப்பவர் ஆபத்தில்லாத சிறு உதவி செய்யவே 20 வேண்டும். இதன்மேல் மூன்று வீட்டு விதிகள்:

கேட்காமல் மற்றவர் மேலோ, மற்றவர் பொருள் மேலோ மந்திரம் போட்டால், நல்லதற்கே என்றாலும், பார்த்தவர்களின் மனநிலை ஒரு படி இறங்கும்.

என்ன செய்யப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் வாங்கிச் செய்தால் இறங்காது.

பலன் பெற்றவரின் மனநிலை மட்டும் ஒரு படி ஏறும். ஊரின் மனநிலை ஏறாது.

மூன்றாவதை பிளேயர்கள் ஏற்க மாட்டார்கள். ஒரு குழந்தையைக் காப்பாற்றினால் ஊரே மாலை போட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், அதற்கான காரணம் அடுத்த பகுதியில்.

அதற்கு முன், அதிகம் சறுக்கும் ஒரு மந்திரம்: ஃப்ரெண்ட்ஸ். சுங்கச்சாவடியில் நுழைவு வரி கேட்கிறார்கள். கட்சியில் இருக்கும் பார்ட் (பாடகர் வகை மந்திரக்காரர்) ஃப்ரெண்ட்ஸ் போடுகிறார். இதற்கு மந்திரச்சொல் கிடையாது, கையசைவும் முகத்தில் பூசும் பூச்சும்தான். ஆகவே காவல்காரன் கவனிக்காமல் போகலாம். கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) சோதனைகளில் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைக்கும், வரி இல்லாமல் உள்ளே போய்விடலாம். ஆனால் மந்திரம் நிற்பது அதிகபட்சம் ஒரு நிமிடம். முடிந்ததும் தன் மனதைக் குழப்பியது மந்திரம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், பகையாகிவிடுவான். ஒரு நிமிடத்தில் கட்சி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று மட்டும் கணக்கிடுங்கள். 30 அடி வேகம், ஆறு வினாடிச் சுற்று, பத்துச் சுற்று: நடந்தால் 300 அடி, ஓடினால் 600. கேட்டுக்கும் சந்தைக்கும் இடையே எங்கோ இருப்பார்கள். அவன் கையில் இருக்கும் மணியை அடிக்க அதுவே போதும். அடிக்கிறவன் கோபத்தில் மட்டும் அடிக்கவில்லை. வரி வாங்காமல் விட்டதற்கு மேலதிகாரிக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். தன்மேல் மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று நாலு பேர் கேட்கக் கத்தினால்தான் அவன் வேலை நிலைக்கும்.

சார்ம் பர்சனும் இதே வகை, ஒரு மணி நேர அவகாசத்தோடு. டிடெக்ட் தாட்ஸில் எண்ணங்களை மேலோட்டமாகப் படிக்கும் மட்டும் எதிராளிக்குத் தெரியாது. ஆழமாகத் துருவினால் தெரிந்துவிடும்.

உதவி செய்தால் வரும் தொல்லை

பிளேயர்கள் நெருப்பு எறிந்து கெடுத்துக்கொள்வதைவிட உதவி செய்து கெடுத்துக்கொள்வதுதான் ஆட்டத்தில் சுவை கூடியது. நிதானமாக நடத்த வேண்டிய இடமும் இதுதான்.

முதலில் பணம். பயிற்சி இல்லாத கூலியாளுக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளி. முதல் இரண்டு லெவல் மந்திரத்துக்குக் கூலி 10 முதல் 50 பொன் என்று விதிநூல் சொல்கிறது. 10 பொன் என்றால் 100 வெள்ளி, ஐம்பது நாள் கூலி. இதை இலவசமாகக் கொடுக்கிற ஒருவர் வந்தால் ஜனங்களின் முதல் எண்ணம் நன்றியாக இருக்காது. ‘இதுக்கு என்ன கேக்கப் போறாங்களோ?’ என்பதாகத்தான் இருக்கும். ஒரு கோழியோ, ஒரு வேளைச் சாப்பாடோ விலையாக வாங்கிக்கொள்கிற மந்திரவாதியை ஊர் சீக்கிரம் நம்பும். பிளேயர் இதைத் தானாகக் கண்டுபிடித்தால் பரிசாக, விதிவிலக்காக, ஊரின் மனநிலையையும் ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது வரிசை. ஊரில் காய்ச்சல் நோய், படுத்திருப்பவர்கள் 30 பேர். க்யூர் வூண்ட்ஸ் காயத்தை ஆற்றும், நோயைத் தீர்க்காது. நோய்க்கு லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் வேண்டும். அது இரண்டாம் லெவல் மந்திரம். மூன்றாம் லெவல் கிளெரிக்கிடம் இரண்டாம் லெவல் ஸ்லாட் (ஒரு நாளில் மந்திரம் போடும் வாய்ப்பு) இரண்டுதான். நாளைக்கு இரண்டு பேர், முப்பது பேருக்குப் பதினைந்து நாள். இனிக் கேள்வியெல்லாம் யார் முதலில் என்பதுதான். ஊர்த்தலைவர் தன் மகளை முன்னே தள்ளுவார். கோயில் குருக்கள் பட்டியல் போட வருவார். ஆறாம் நாள், பட்டியலில் பதினாலாம் இடத்தில் இருந்த பையன் இறந்துபோவான். அவன் தகப்பனுக்கு நோய்மேல் கோபம் வராது. குணமாக்க முடிந்தும் தன் பிள்ளையைக் காக்க வைத்தவர்மேல்தான் வரும். கிளெரிக் வராமலே இருந்திருந்தால் அந்தக் கோபத்துக்கே இடமில்லை. ஊரின் மனநிலை ஏன் ஏறாது என்பதற்கு இதுதான் விடை.

ஆட்டத்தில் இதை நடத்த மூன்று பெயர் போதும்: முதல் நாள் குணமான ஒருவர், நடுவில் காத்திருக்கும் ஒருவர், பட்டியலில் பின்னால் தள்ளப்பட்ட ஒருவர். முப்பது பேருக்கும் பெயர் வைக்கப் போனால் உங்களுக்குத்தான் காய்ச்சல் வரும்.

குட்பெர்ரி இன்னும் நயமான வம்பு. ஒரு முறை போட்டால் பத்துப் பழம். ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் உணவு. முதல் லெவல் ட்ரூயிட்டுக்கு (இயற்கை மந்திரக்காரருக்கு) இரண்டு ஸ்லாட், ஆக இருபது பேர். பஞ்சகாலக் கிராமம் இப்படிப்பட்டவரை எளிதில் போக விடாது. மிரட்ட மாட்டார்கள். நல்ல வீடு கொடுப்பார்கள், வாசலில் ‘பாதுகாப்புக்கு’ இரண்டு பேரை நிறுத்துவார்கள், குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டது, கொல்லன் ஊரில் இல்லை என்பார்கள். அதே நேரம் தானியம் பதுக்கி வைத்திருந்த வியாபாரி, அந்தப் பழம் தின்றால் பிள்ளை பிறக்காது என்று ஒரு பேச்சைக் கிளப்பியிருப்பான்.

பிளான்ட் க்ரோத் மந்திரத்தை எட்டு மணி நேரம் உட்கார்ந்து போட்டால் அரை மைல் ஆரத்துக்குள் ஒரு வருடம் விளைச்சல் இரட்டிப்பு. அந்த வட்டம் ஏறக்குறைய 500 ஏக்கர். மையம் எங்கே என்று முடிவாகும் முன்பே நிலத்தகராறு ஆரம்பமாகிவிட வேண்டும். வட்டத்தின் கோடு ஒருவர் வயலைப் பாதியாக வெட்டினால் அந்தப் பாதியை வைத்தே ஓர் இரவு ஆட்டம் ஓடும்.

வதந்தி

அடுத்த ஊருக்குச் செய்தி கட்சிக்கு முன்னாலேயே போகும். சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 24 மைல் என்பது விதி. கட்சி ஓர் இரவு தங்கினாலே வண்டிக்காரன் முந்திவிடுவான். செய்தியை மாற்றும் முறை எளிது: ஓர் எண்ணைக் கூட்டுங்கள், ஒரு காரணத்தை நீக்குங்கள். ‘கொள்ளைக்காரர்கள் தாக்கியதால் வைக்கோல் போர் ஒன்று எரிந்தது’ என்பது ‘மூன்று வீடு எரிந்தது’ என்று போய்ச் சேரும். தீப்பிழம்பாக வெடிக்கும் ஃபயர்பால் மந்திரத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 20 அடி ஆரத்துக்குள் யாரும் அணியாத, கையில் பிடிக்காத எரியும் பொருள் எல்லாம் பற்றிக்கொள்ளும் என்பதால் கூரை வேய்ந்த தெருவில் உண்மையிலேயே மூன்று வீடு எரிந்திருக்கலாம்.

எங்கே சறுக்கும்

எல்லாத் தவறுக்கும் தீப்பந்தக் கூட்டத்தை அனுப்புவது முதல் சறுக்கல். 4 ஹிட் பாயிண்ட் உள்ளவர்கள் இருபது பேர் ஃபயர்பால் தெரிந்தவரை எதிர்க்கப் போவதில்லை. அவர்களுக்கே கணக்குத் தெரியும். அவர்கள் செய்வது வேறு: விலை ஏற்றுவார்கள், அறை இல்லை என்பார்கள், பாதை தவறாகச் சொல்வார்கள், மேலிடத்துக்கு ஆள் அனுப்புவார்கள். கட்சி தூங்கும் நேரமும் அவர்களுக்குத் தெரியும்.

மந்திரவாதிக்கு மட்டும் சுமை ஏற்றுவது இன்னொன்று. நாலு பேர் கட்சியில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு ஊரிலும் வாசலில் நின்றால் அந்த பிளேயர் மூன்றாம் வாரம் வர மாட்டார். மந்திரவாதியைத் தேடி வருகிற ஒருவரையாவது எல்லா ஊரிலும் வையுங்கள்: தொலைந்த மோதிரத்துக்கு வழி கேட்கும் கிழவர், பள்ளியில் சேர்த்துவிடச் சொல்லும் பெண்.

மூன்றாவது, யாருக்கும் தெரியாமல் போடும் மந்திரம். சோர்சரர் (பிறவியிலேயே மந்திரம் உள்ளவர்) தன் சக்திக் கணக்கில் ஒரு சோர்சரி பாயிண்ட் செலவழித்து ஸட்டில் ஸ்பெல் எடுத்தால் சொல்லும் கிடையாது, கையசைவும் கிடையாது. சார்ம் பர்சனுக்குப் பொருள் எதுவும் தேவையில்லை, முழுக்க மறைந்துவிடும். சொன்னதைச் செய்யவைக்கும் சஜெஷனுக்குப் பொருள் வேண்டும் என்பதால் கை பையைத் தேடுவதையோ மந்திரக்கோலைத் தொடுவதையோ ஒருவர் பார்த்திருக்கலாம். செய்தவர் தெரியாவிட்டாலும் ஊர் சும்மா இருக்காது, ஆளைத் தேடும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வழக்கு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே மாதிரிக் கதை: ஏழைப் பெண் ஒருத்தி அண்டை வீட்டில் பாலோ மாவோ கேட்கிறாள், இல்லை என்று அனுப்புகிறார்கள், முணுமுணுத்துக்கொண்டே போகிறாள், பிறகு அந்த வீட்டில் மாடோ பிள்ளையோ நோயில் விழுகிறது. பழி வழிப்போக்கர்மேல் விழுவதைவிட, நெடுநாள் மனத்தாங்கல் உள்ள பக்கத்து வீட்டுக்காரிமேல்தான் அதிகம் விழுந்தது. அதே ஊர்களில் காணாமல்போன பொருளுக்குக் குறி சொல்லி மருந்தும் கொடுத்த நாட்டு மந்திரக்காரர்களிடம் ஜனங்கள் காசு கொடுத்துப் போய்க்கொண்டும் இருந்தார்கள்.

ஆகவே சோர்சரர் தப்பித்த ஊரில் ஓடைக்கரைக் குடிசைக் கிழவியின் பெயர் அடிபடட்டும். அதை பிளேயர்கள் காதில் விழும்படி சத்திரத்திலோ கிணற்றடியிலோ சொல்லிவிடுங்கள். ஊர்ச்சபை கூடுவதற்கு ஆட்டக் கணக்கில் இரண்டு நாளாவது அவகாசம் கொடுங்கள்; அந்த இரண்டு நாளில் என்ன செய்வது என்று சோர்சரர்தான் முடிவு செய்ய வேண்டும்.